சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு? சினிமாவைப் பற்றி எழுதுகிறவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பந்தியில், ரயிலில், பல் டாக்டரின் நாற்காலியில்கூட, நான் சினிமாவைப் பற்றி எழுதுகிறவன் என்று தெரிந்ததும் வருகிற கேள்விகள் பத்துப் பதினைந்துதான். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எந்தப் படத்தைச் சொன்னாலும் முகம் சுளிக்கிறீர்களே, பிடித்த தமிழ்ப் படம் ஒன்றாவது உண்டா?

நிறைய உண்டு. ஒன்றே ஒன்றைச் சொல் என்று கழுத்தைப் பிடித்தால் பாலுமகேந்திராவின் 'வீடு' (1988). வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் ஒரு பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் புறப்படுகிறாள். கதை அவ்வளவுதான். நகை போகிறது, கடன் வருகிறது, கான்ட்ராக்டர் சிமென்ட்டில் கை வைக்கிறான், அதைச் சித்தாள் ஒருத்தி கண்டுபிடித்துக் கத்துகிறாள். அர்ச்சனாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. தாத்தாவாக வந்த சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டின் சுவரைத் தடவிப் பார்க்கிற இடத்தில், எங்கள் வீடு கட்டியபோது என் அப்பா தினமும் சாயங்காலம் போய்ச் செங்கலை எண்ணிவிட்டு வந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தப் படத்திலிருந்துதான் என் அளவுகோலையே எடுத்துக்கொண்டேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பேன்: இவனுக்குச் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு? பெரும்பாலான படங்களுக்குப் பதில் தெரியாது. நாயகன் வேலைக்குப் போவதில்லை. ஆனால் பைக்கில் பெட்ரோல் தீர்வதே இல்லை. நான்கு நண்பர்கள் நாள் முழுக்க டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். டீக்கடைக்காரர் கணக்கு நோட்டை எடுத்து நீட்டினால் அதோடு படமே முடிந்துவிடும்.

அப்படியென்றால் ஏழைகளைப் பற்றிய படம் மட்டும்தான் நல்ல படமா?

இல்லை. பணக்காரனுக்கும் கணக்கு உண்டு, இன்னும் கறாராகவே உண்டு. காசு விவரம் தெரிந்த படத்தில் மனுஷன் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறான் என்பதுதான் நான் சொல்ல வருவது. 'காக்கா முட்டை' (2015) ஏன் சென்னைக்காரர்களையும் வெளியூர்க்காரர்களையும் ஒரே மாதிரி கட்டிப்போட்டது? இரண்டு பையன்கள் ஒரு பீட்சா சாப்பிட ஆசைப்படுகிறார்கள். அதற்குத் தண்டவாளத்தோரம் கரி பொறுக்கி விற்று எத்தனை நாளில் காசு சேரும் என்று படம் நம்மையும் கூடவே எண்ண வைக்கிறது. கடைசியில் பீட்சாவை ருசி பார்த்த பையன்கள் ஆயா சுட்ட தோசையே மேல் என்கிறார்கள். அதுவரை கூடவே காசு எண்ணியிருந்ததால்தான் அங்கே நமக்குச் சிரிப்பு வருகிறது.

ஏன் மார்க், ஸ்டார் எதுவும் போடுவதில்லை?

வாத்தியார் வேலைக்குப் போயிருந்தால் போட்டிருப்பேன். ஆனந்த விகடன் '16 வயதினிலே' படத்துக்கு 62.5 போட்டதை எங்கள் தலைமுறை பரீட்சை மார்க்கைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது. நூற்றுக்கு அறுபத்திரண்டரை! முதல் வகுப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த அரை மார்க்கில் ஒரு நேர்மை இருந்தது. இன்றைக்கு ஐந்துக்கு மூன்றேகால் என்றால் 'தயாரிப்பாளர் தெரிந்தவர்' என்று அர்த்தம்.

முதல் நாள் விமர்சனம் படத்தைக் கொல்கிறது என்கிறார்களே?

2024 கடைசியில் முதல் மூன்று நாள் விமர்சனமே வரக் கூடாது என்று கேட்டுத் தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அவர்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால், படம் பார்க்காதவன்கூட 'மொக்கை ப்ரோ' என்கிறான். கேமராவுக்காகவே ஒருத்தன் அழுகிறான். ஆனால் கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால் மூன்று நாள் கழித்துச் சொல் என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது. ட்ரெய்லர் விழாவில் 'இது வேற லெவல்' என்று நான்கு மணி நேரம் பேசுவதற்குத் தடை கேட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பாட்டில்லாமல் படம் எடுத்தால் நம்மூரும் உலகத் தரத்துக்குப் போய்விடும் அல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் காதில் இயர்போனோடு கேட்கிறார்கள். அதில் ஓடுவது இளையராஜா.

நம் சினிமா பேசியதைவிடப் பாடியதுதான் அதிகம். 1931இல் வந்த 'காளிதாஸ்' முதல் தமிழ் பேசும் படம் என்கிறோம். அதில் டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கூட நடித்தவர் தெலுங்கில் பதில் சொன்னார். யாரும் கவலைப்படவில்லை, ஜனம் வந்தது பாட்டுக்கு. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படமான 'அந்த நாள்' 1954லேயே வந்துவிட்டது. வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு, முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். படம் அப்போது ஓடவில்லை. வீணை வித்துவான் ஒருவர் பாட்டில்லாமல் படம் எடுத்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் சாயங்காலம் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைக் கூப்பிட ஆரம்பித்தால், அடுப்படியில் அம்மாவுக்குக் கை வேகமாகும். ரசம் இறக்குவதற்கும் டிக்கெட் கொடுக்க ஆரம்பிப்பதற்கும் நடுவே எத்தனை பாட்டு என்று அவளுக்குத் தெரியும். கடிகாரம் இல்லாத ஊருக்கு அதுதான் கடிகாரம். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் இலங்கை வானொலி அந்த வேலையைச் செய்தது. கே.எஸ்.ராஜாவின் குரலும் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலும் கடல் தாண்டி வந்து, பார்க்காத படத்தின் பாட்டையெல்லாம் மனப்பாடம் பண்ண வைத்தன. படம் பெட்டிக்குத் திரும்பிய பிறகும் பாட்டு காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை என்று வருஷக்கணக்கில் ஊரில் தங்கியது. இந்தப் பாட்டை வெட்டி எறிந்துவிட்டு எந்த உலகத் தரத்துக்குப் போவது?

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மதுரை வீதியில் நடக்கிற கதையில் நாயகனும் நாயகியும் கண்ணால் பார்த்ததும் ஐஸ்லாந்தில் போய் நிற்கிறார்கள். குளிரில் அந்தப் பெண்ணுக்கு ஒரு சால்வைகூடத் தருவதில்லை. அவன் மட்டும் கோட்டுப் போட்டுக்கொள்கிறான்.

நாயகிகளைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் இவ்வளவு கடுப்பு?

கடுப்பு நாயகிகள்மேல் இல்லை. பல வருஷம் நம் திரையில் முகம் ஓர் ஊர், குரல் ஓர் ஊர். சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் சவிதா குரல் கொடுத்தார். அருமையாகவே கொடுத்தார். ஆனால் இத்தனை கோடிப் பேர் பேசும் மொழியில், மாநிறமாக ஒரு பெண் நின்று தன் சொந்தக் குரலில் நான்கு வரி பேசினால் படம் ஓடாது என்று யார் கணக்குப் போட்டுக் கொடுத்தது? வெயிலில் களை எடுக்கிற கதாபாத்திரத்துக்கும் மும்பை விமான நிலையத்தில் போய்த்தான் ஆள் பிடிக்கிறார்கள். பிறகு கறுப்புச் சாயம் பூசுகிறார்கள்.

பெண் படித்திருந்தாலும் படத்தில் லூசாக இருக்க வேண்டும். மழையில் ஆட வேண்டும், நாய்க்குட்டியைக் கொஞ்ச வேண்டும், பாதி வழியில் நாயகன் அறைந்து புத்தி சொல்ல வேண்டும். இதைவிட மோசம் துரத்தல். பஸ் ஸ்டாப், கல்லூரி வாசல், அவள் வீட்டுத் தெரு என்று முதல் பாதி முழுக்கப் பின்னாலேயே போவதை நாற்பது வருஷமாகக் காதல் என்று விற்றிருக்கிறோம். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, சினிமாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சிலர் வேகமாகச் சொன்னார்கள். சினிமா கொலை செய்யச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வேண்டாம்' என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு 'இன்னும் கொஞ்சம் முயற்சி செய்' என்று பொருள் எழுதிக் கொடுத்தது சினிமாதான். நானே சின்ன வயதில் அந்தக் காட்சிகளுக்கு விசில் அடித்திருக்கிறேன்.

சுயபுத்தியோடு வாழும் ஒரு பெண்ணை நடுவில் வைத்து ருத்ரய்யா எடுத்த 'அவள் அப்படித்தான்' 1978லேயே வந்துவிட்ட மொழி இது என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

வடிவேலு இல்லாமல் தமிழர்களால் பேச முடியுமா?

முடியாது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிக்குச் சொல்ல முடியாததை வடிவேலுவின் முகம் சொல்கிறது. 2019இல் 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்ததற்கு ட்விட்டரில் உலகமே பிரார்த்தனை செய்தது. படம் வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அடி வாங்கியும் வீராப்பு குறையாத ஓர் ஆள், கையில் காசில்லாமல் கௌரவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அவனை நம் எல்லோர் வீட்டிலும் பார்த்திருக்கிறோம். சம்பளக் கணக்கில் நாயகர்களெல்லாம் தோற்கும் என் பரீட்சையில் நகைச்சுவை நடிகர்கள் மட்டும் தவறாமல் பாஸ். பெயின்ட் கான்ட்ராக்டர், வாழைப்பழம் வாங்க ஒரு ரூபாய் கொடுத்து அனுப்புகிறவர், சைக்கிள் கடைக்காரர் என்று அவர்களுக்குத் தொழில் இருக்கிறது. சில்லறைக்குக் கணக்கும் கேட்கிறார்கள்.

அதற்காக நிறத்தையும் உடம்பையும் வைத்துச் செய்த கேலியெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். என் வகுப்பில் படித்த ஒரு பையனை இன்றைக்கும் ஊரில் ஒரு படத்தின் வசைப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவன் சிரிக்கிறான். சிரித்துப் பழகிவிட்டான்.

இப்போது எல்லாப் படத்திலும் சாதி பேசுகிறார்களே, சினிமாவில் எதற்கு அரசியல்?

முன்பு பேசவில்லையா? பெயரிலேயே சாதியை வைத்துக்கொண்டு, நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டு, ஊர் முழுக்கக் கையைக் கட்டி நின்ற படங்களைக் குடும்பத்தோடு பார்த்தோமே, அதற்குப் பெயர் 'கிராமத்துப் படம்' என்று இருந்தது. அப்போது கைகட்டி நின்ற ஓரத்து ஆள் யார், அவன் வீடு எங்கே இருக்கிறது என்று கேமரா திரும்பியதே இல்லை. 2012இல் பா.ரஞ்சித்தின் 'அட்டகத்தி'க்குப் பிறகு அந்த வீட்டுக்குள்ளிருந்து படம் வர ஆரம்பித்தது. அதைத்தான் 'இப்போது சாதி பேசுகிறார்கள்' என்கிறோம்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) முடிகிற இடத்தில் மேஜைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள், நடுவில் ஒரு பூ. வெளியூர் நண்பர் ஒருவர் 'கவித்துவமான ஷாட்' என்றார். டீக்கடையில் இன்னாருக்கு இன்ன டம்ளர் என்று தனியாக வைத்திருந்த ஊர்களில் வளர்ந்தவனுக்கு அது கவிதையாகத் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஆணியில் தொங்கிய டம்ளர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு பிளாஸ்டிக் கப் வந்தது, எல்லோருக்கும் ஒரே கப். சுகாதாரத்துக்காக மாற்றினோம் என்றார் கடைக்காரர்.

இந்த வகைப் படம் எல்லாமே நன்றாக இருக்கிறதா என்றால், இல்லை. சிலர் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு திரைக்கதையை மறந்துவிடுகிறார்கள். கடைசி இருபது நிமிஷம் அரிவாள் பேசினால் போதும் என்று நினைக்கிறார்கள். அதையும் எழுதுகிறேன். எழுதினால் அந்தப் பக்கமும் திட்டு விழுகிறது.

பாலாபிஷேகம் பண்ணுகிற ரசிகனை ஏன் கிண்டல் செய்கிறீர்கள்? அது அவன் அன்பு.

அன்புதான். ஆனால் பெரிய படம் வரும் நாளில் விடிகாலை பால் பாக்கெட் திருடு போகிறது, பாதுகாப்பு கொடுங்கள் என்று பால் முகவர்கள் போலீஸில் மனு கொடுக்கிற மாநிலம் இது. 2023 ஜனவரியில் சென்னையில், விடிவதற்கு முன் தியேட்டர் வாசலில் லாரிமேல் ஏறி ஆடிய பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். அதற்குப் பிறகுதான் பெரிய படத்துக்கும் முதல் காட்சி காலை 9 மணி என்று ஆனது. உடனே நம் ஆட்கள் பாலக்காட்டுக்கும் பெங்களூருக்கும் ராத்திரியே பஸ் ஏறினார்கள். அந்தப் பையனின் அம்மாவிடம் இது அன்பு என்று என்னால் சொல்ல முடியாது.

நடிகர் முதலமைச்சர் ஆகலாமா?

அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று வசனம் எழுதியவர்களும் நடித்தவர்களும் 1967லிருந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்ட ஊரில் என்னிடம் அனுமதி கேட்கிறீர்களே. அடுத்த கேள்வி.

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்டுச் சினிமா மாதிரி இருக்கிறது என்றீர்களாமே. பாராட்டா, திட்டா?

திட்டுத்தான், அக்கா. மன்னித்துவிடுங்கள். தாலி கட்டும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது நான்கு கேமராக்காரர்களின் முதுகு மட்டும். பெண் மணவறைக்கு நடந்து வந்தாள். லைட்டிங் சரியில்லை என்று திரும்பப் போய் இன்னொரு தடவை நடந்து வரச் சொன்னார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்கு மேளக்காரரைப் பார்க்கவில்லை, டிரோன் இயக்குகிற பையனைப் பார்த்தார்.

இதோடு வாசலில் பேனர். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், பின்னால் சிங்கம். இரண்டு வயதுக் குழந்தையின் காதுகுத்துக்கும் அதே சிங்கம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரியில் சிக்கி இறந்தபோது, இனிமேல் பேனரே வைக்க மாட்டோம் என்று எல்லாக் கட்சியும் சொன்னது. உங்கள் தெருவை எட்டிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பந்தியில் பரிமாறிய அவியல் பிரமாதம். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

சாப்பாட்டுக் காட்சிகளைப் பற்றி ஏன் அடிக்கடி எழுதுகிறீர்கள்?

தமிழ்ப் படத்தில் யாராவது நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டு முடித்துப் பார்த்திருக்கிறீர்களா? முதல் கவளம் வாயருகே போகும்போது யாராவது ஓடிவந்து செய்தி சொல்கிறார்கள். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அந்தத் தட்டை எடுத்துத் தேய்க்கிற நாயகனை நான் இன்னும் பார்க்கவில்லை.

சீரியல் பார்ப்பவர்களை மட்டமாக நினைக்கிறீர்களா?

என் அம்மா 'சித்தி' பார்த்தவள். அந்த நேரத்தில் நான் சோறு கேட்டதில்லை. சீரியலில் மாமியார் பட்டுப்புடவையில் தூங்குவதைக் கேலி செய்யலாம். ஆனால் நகை அடகு, பங்கு பிரிப்பது, சீர் வரிசை, பிள்ளை இல்லாத மருமகளின் நிலை என்று வீட்டுக்குள் நடக்கிற கணக்கு வழக்கை சினிமா கைவிட்டபோது எடுத்துக்கொண்டது சீரியல்தான். இழுக்கிறார்கள், அது உண்மை. ஒரு கன்னத்தில் விழுந்த அறையை மூன்று பேர் முகத்தில் மூன்று தடவை காட்டுகிறார்கள்.

தியேட்டரா, ஓடிடியா?

தியேட்டர். ஆனால் எந்தத் தியேட்டர்? மதுரை தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்கார இடம் இருந்தது. 1952இல் 'பராசக்தி'யோடு திறந்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. சென்னை சபையர், உதயம் எல்லாம் போய்விட்டன. தரை டிக்கெட்காரனும் பால்கனிக்காரனும் வேறு வேறு விலை கொடுத்தாலும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் தட்டிவிடுவார், சண்டை வரும், ரீல் மாற்றும் இடைவேளையில் அவரே முறுக்கு நீட்டுவார்.

இப்போதைய இடங்களில் டிக்கெட்டைவிடப் பாப்கார்ன் விலை கூட. வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. கேட்டு வாங்கிக் குடியுங்கள். அதே வருஷம் மார்ச்சில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தைச் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வீடியோ பரவிய பிறகுதான் உள்ளே விட்டதாகச் செய்தி வந்தது. டெண்டுக் கொட்டகையில் அவர்கள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறார்கள்.

கடைசியாகத் தியேட்டரில் எப்போது அழுதீர்கள்?

'கடைசி விவசாயி' (2022). காது சரியாகக் கேட்காத கிழவர் மாயாண்டி, செய்யாத குற்றத்துக்காகக் கோர்ட்டில் நிற்கிறார். அவருக்கு வழக்கைப் பற்றிக் கவலையில்லை, வயலுக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது என்பதுதான் கவலை. அந்தப் பொறுப்பை ஒரு கான்ஸ்டபிளிடம் ஒப்படைக்கிறார் மாஜிஸ்திரேட். அந்தப் பெரியவராக நடித்த நல்லாண்டி உண்மையிலேயே விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் பார்த்த காட்சிக்கு மொத்தம் பதினோரு பேர். முன்வரிசையில் ஒரு பெரியவர், மழை வருகிற இடத்தில், 'நாத்து பிழைச்சுக்கும்' என்று பக்கத்தில் யாருமே இல்லாமல் சத்தமாகச் சொன்னார்.